பதினான்காம் இலக்கத்தின் மனைவி

ஸ்காபரோ,
10.03.1996

அன்பின் யோகா,

நான் சுகம். உம்முடைய முதுகு நோவு எப்படியிருக்கிறது என்பதை முதலில் எழுதவும். இங்கே பனி கரையத் தொடங்கிவிட்டது. சப்பாத்து முழுவதும் வீதியில் கொட்டுகிற உப்பின் கறை.

ஒரு புதினம். காலையில் பெட்டி மடிக்கிற வேலை இருக்கத்தக்கதாகப் பின்னேரத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சமூகவியல் படிப்பிக்கிற பேராசிரியை ஒருவர், வெள்ளைக்காரர், கொம்பியூட்டருக்குள் ஒரு ஊரை உண்டாக்குகிறார். எங்கள் சனத்திடம் போய் அறுபது படிவங்கள் நிரப்பி வாங்க வேண்டும். வயது, தொழில், குடும்பம், யார் வீட்டுக்குப் போவார்கள், எந்தக் கடையில் சாமான் வாங்குவார்கள் என்று கேள்விகள். ஒரு படிவத்துக்குத் திரையில் ஒரு புள்ளி. பெயர் இல்லை, இலக்கம்தான். பொத்தானை அமர்த்தினால் புள்ளிகள் தாங்களாகவே வேலை தேடும், வீடு மாறும், கோபிக்கும், ராசியாகும். ஒரு நிமிடத்தில் ஒரு வருடம் ஓடிவிடும். வாடகை கூடினால் எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை ஒருவரையும் கரைச்சல்படுத்தாமல் முன்கூட்டியே பார்க்கலாமாம்.

வீடு வீடாகப் போக என்னோடு றஜிதா என்ற பிள்ளை வருகிறது. மன்னார்ப் பக்கம், வேதக்காரர், இங்கேதான் படித்தது. நான் தட்டினால் கதவு திறக்காது. றஜிதா தட்டினால் திறக்கும். ஆனால் எல்லாரும் முதலில் கேட்கிறது ஒன்றுதான்: "தம்பி, உது இமிக்கிறேசனுக்குப் போகுமோ?" போகாது என்று றஜிதா சத்தியம் பண்ணிய பிறகும் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பார்கள்.

ஒரு படிவம் குறைந்தது. பேராசிரியை என்னையே நிரப்பச் சொன்னார். நான் பதினான்காம் இலக்கம்.

உம்மை இங்கே எடுப்பிக்கிற ஸ்பொன்சர் அலுவல் நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
ஸ்ரீதரன்


வெள்ளவத்தை,
02.04.1996

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கண்டு சந்தோசம். முதுகு நோவு தட்டச்சு இயந்திரத்தோடு வந்தது, அதோடுதான் போகும். சட்டத்தரணியின் கந்தோரில் இப்போது வேலை கூட. பொலிஸ் எங்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதால் ஒவ்வொரு தாயும் ஒரு சத்தியக்கடதாசியோடு வந்து நிற்கிறாள்.

கொழும்பில் தமிழருக்கென்று இருக்கிற பொலிஸ் பதிவைப் போன கிழமை புதுப்பித்தேன். வீட்டுக்கார அன்ரனெற் அன்ரி துணைக்கு வந்தா. வழக்கம்போல எழுதினேன்: விவாகமானவர், கணவர் ஸ்ரீதரன், கனடா. "கனடாவென்றால் ஏன் நீ இன்னும் இங்கே" என்று பொலிஸ்காரன் சிங்களத்தில் கேட்டான். அன்ரி சிரித்துச் சமாளித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் ஊரைப் பற்றி எழுதினது வடிவாக இருந்தது. பதினான்காம் இலக்கத்துக்கு அருகில் நான் எந்த இலக்கம்? பதினைந்தா? எழுதுங்கோ.

உங்கள் கடிதத்தில் என்னுடைய பெயர் ஒருமுறை வருகிறது. றஜிதா மூன்று முறை. நான் எண்ணவில்லை, தானாகக் கண்ணில் பட்டது. வயது என்ன அந்தப் பிள்ளைக்கு?

அலுவல் நடக்கிறது என்று மூன்று வருடமாக எழுதுகிறீர்கள். எந்த மட்டில் நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் படுத்தால் நித்திரை வரும்.

உங்கள் நலத்தையே வேண்டிக்கொண்டிருக்கும்,
யோகராணி


ஸ்காபரோ,
26.04.1996

அன்பின் யோகா,

சுகம்தானே? இங்கே குளிர் விட்டுவிட்டது. ஜக்கெற் இல்லாமல் நேற்று மில்லிக்கன் வரைக்கும் நடந்தேன்.

உமக்கு இலக்கம் இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற ஆட்களுக்கு மட்டும்தான் படிவம். கோபிக்க வேண்டாம். வந்த பிறகு ஒரு புள்ளி போட்டால் போச்சு.

பதினான்காம் இலக்கம் கெட்டிக்காரன். நான் இன்னும் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன், அவன் முதல் வருடத்திலேயே மில்லிக்கனில் மேல்மாடி அறை எடுத்துவிட்டான். இருபத்திரண்டாம் இலக்கத்தோடு மட்டும் சரிவருவதில்லை. அது யாரென்று எனக்குத் தெரியும், நேரிலும் அந்த மனுசனோடு எனக்குச் சரிவராது. பேராசிரியைக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

றஜிதாவுக்கு இருபத்தைந்து இருக்கும். நல்ல பிள்ளை. மத்தியானத்தில் நான் பாண் மட்டும் சாப்பிடுவதைக் கண்டு தாயார் செய்த மீன் கட்லெற் கொண்டுவருகிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

மற்ற அலுவலைப் பற்றிப் பிறகு விபரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ஸ்ரீதரன்


வெள்ளவத்தை,
19.05.1996

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

கட்லெற்றை நான் எதிர்பார்க்கவில்லை. கலியாணம் முடித்து ஏழு மாதம் உங்களுக்குச் சமைத்தேன். மீன் கட்லெற் செய்து வைத்தால் "எண்ணெய்ச் சாமான் எனக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கிவைத்தது யார்? அது யாழ்ப்பாணத்து எண்ணெயில் மட்டும் வருகிற வருத்தமா?

இஞ்சாருங்கோ, நான் பொறாமைக்காரிதான். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்லெற்காரி உங்களோடு வீதியில் நடக்கிறாள், உங்களுக்கு இருமல் என்றால் அவளுக்கு அன்றைக்கே தெரியும். எனக்குத் தெரிய மூன்று கிழமை செல்லும், அதற்குள் இருமல் மாறிவிடும். உங்களைப் பற்றி எனக்கு வருகிறதெல்லாம் ஆறின சாப்பாடு. உங்கள் இருபத்திரண்டாம் இலக்கத்தோடு சண்டை பிடிக்கக்கூட எனக்கு விருப்பமாக இருக்கிறது, அவனாவது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

அன்ரனெற் அன்ரி கேட்டா, "யோகா, கடிதம் வந்த நாளில ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?" வயிற்றுக்குச் சரியில்லை என்றேன்.

பதினான்காம் இலக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறான்? யாருக்காவது கடிதம் எழுதுகிறானா?

யோகராணி


ஸ்காபரோ,
15.06.1996

அன்பின் யோகா,

உம்முடைய கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு கவலையாக இருந்தது. சாப்பிடாமல் இருக்க வேண்டாம். கட்லெற் இனிமேல் இல்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம்.

ஒரு பகிடி எழுதுகிறேன், பகிடியாகவே எடுக்கவேண்டும். எங்கிருந்தாவது உமக்குத் தெரியவந்தால் பிழையாக நினைப்பீர் என்றுதான் நானே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பேராசிரியை பத்து வருடத்தை ஓடவிட்டார். மூன்றாம் வருடம் பதினான்காம் இலக்கமும் முப்பத்தோராம் இலக்கமும் கலியாணம் செய்துவிட்டன. ஐந்தாம் வருடம் அஜக்ஸில் வீடு. இரண்டு பிள்ளைகள். முப்பத்தோராம் இலக்கம் றஜிதா தன்னைப் பற்றி நிரப்பின படிவம். அறையில் இருந்த எல்லாரும் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். றஜிதா மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

இதில் யாருடைய பிழையும் இல்லை. மெசினுக்குக் கொடுத்த விதி அப்படி. தனி ஆட்களாக இருக்க வேண்டும், வயது கிட்ட இருக்க வேண்டும், ஒரே கடைக்கு, ஒரே பஸ்ஸுக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும். அப்படியான இரண்டு பேரை அது சேர்த்துவைக்கும். அவ்வளவுதான்.

முதுகுக்கு எண்ணெய் பூசுகிறீரா?

அன்புடன்,
ஸ்ரீதரன்


வெள்ளவத்தை,
06.07.1996

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலை இல்லை.

உங்கள் கடிதத்தை ஏழு தரம் வாசித்தேன். முதல் மூன்று தரமும் கட்லெற்காரிக்கு அஜக்ஸில் வீடு வந்த வயிற்றெரிச்சலில் வாசித்தேன். இரண்டு பிள்ளைகள் வேறு. கிழித்துப்போட எடுத்துவிட்டுத் திரும்ப விரித்தேன்.

பிறகுதான் கந்தோர்க்காரியாக வாசித்தேன். படிவங்களோடு நாள் முழுக்க இருக்கிறவள் நான். தனி ஆட்களை மட்டும்தான் மெசின் சேர்த்துவைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினான்காம் இலக்கத்தை ஏன் சேர்த்துவைத்தது?

என் கேள்வி ஒன்றே ஒன்று. விவாகமானவரா இல்லையா என்று கேட்ட இடத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?

யோகராணி


வெள்ளவத்தை,
24.08.1996

அத்தானுக்கு,

நாற்பத்தொன்பது நாள். தபால்காரன் அன்ரனெற் அன்ரிக்கு மகளிடமிருந்து இரண்டு கடிதம் கொண்டுவந்துவிட்டான். ஆகவே தபால் கந்தோரில் பிழை இல்லை.

சுகமில்லாமல் இருக்கிறீர்களோ என்றும் பயமாக இருக்கிறது. சுகமாக இருந்துகொண்டு எழுதாமல் இருக்கிறீர்களோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

கேள்வி அதேதான்.

யோகராணி


ஸ்காபரோ,
20.09.1996

அன்பின் யோகா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதத் தைரியம் வரவில்லை. ஐந்து தரம் தொடங்கிக் கிழித்தேன்.

விவாகமாகாதவர் என்று எழுதினேன்.

முழுவதையும் சொல்கிறேன். என்னைக் கூட்டிவந்த ஏஜென்ற் தந்த பாஸ்போட் ஒரு கலியாணம் செய்யாத மாணவனுடையது. "ஆர் கேட்டாலும் தனி ஆள் எண்டு சொல்லு, பேந்து மாத்தினா உன்ர கேஸ் முடிஞ்சுது" என்று விமானத்தில் ஏற முன்னர் பத்துத் தரம் சொல்லித் தந்தான். ரொறன்ரோ விமானநிலையத்தில் கேட்டார்கள், சொன்னேன். அகதி விசாரணையில் கேட்டார்கள். முதல் சொன்னதை மாற்றினால் முழுவதும் பொய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அதையே சொன்னேன். நிரந்தர வதிவிடப் படிவத்திலும் அதையே எழுதினேன். இந்த நாட்டின் கடதாசிகளில் எனக்கு மனைவி இல்லை. இல்லாத மனைவியை ஸ்பொன்சர் பண்ண முடியாது. சட்டத்தரணியிடம் நான் ஒரு நாளும் போகவில்லை. அலுவல் நடக்கிறது என்று உமக்கு எழுதியதெல்லாம் பொய்.

பேராசிரியையின் படிவம் ஒருவருக்கும் போகாது என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். என் முறை வந்தபோது கை பழகினதை எழுதிவிட்டது. அதனால் கந்தோரிலும் ஒருவருக்கும் தெரியாது. றஜிதாவுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது உமக்கு விளங்கும். எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கியும் பேசாமல் இருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, இதையாவது நம்பும்.

போன திங்கள் பேராசிரியையிடமும் றஜிதாவிடமும் சொன்னேன். பதினான்காம் இலக்கத்தின் படிவத்தைத் திருத்தினேன்: விவாகமானவர், மனைவி கொழும்பில். பத்துத் தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தரமும் அவன் அஜக்ஸுக்குப் போகவில்லை, ஒருத்தியையும் கட்டவில்லை. கொழும்புக்குக் காசு அனுப்பிக்கொண்டு நிலக்கீழ் அறையிலேயே இருக்கிறான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

ஸ்ரீதரன்


வெள்ளவத்தை,
12.10.1996

அத்தானுக்கு,

நீங்கள் உயிரோடு, சுகத்தோடு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு கடவுளையும் ஏசினேன்.

இந்த மூன்று வருடத்தில் பதினொரு பொலிஸ் பதிவு, ஒரு அடையாள அட்டை விண்ணப்பம், இரண்டு தரம் வீதியில் மறித்துக் கேட்டு எழுதினது. எல்லாவற்றிலும் உங்கள் பெயரை எழுதினேன். அதனால் கரைச்சல் கூடத்தான் வந்தது, கணவன் எங்கே, ஏன் போனான் என்று. ஒரு தரமாவது கணவன் இல்லை என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு நான்கு தரம் கை வந்திருக்கிறது.

றஜிதாவில் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் கோபம் இருக்கிறது, அதுதான் பெரிய கரைச்சல். அவளுக்கு அந்த மெசினில் ஒரு புள்ளியாவது இருந்தது. உங்களோடு ஒரு வீடு இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். நான் கோவிலில் தாலி கட்டி, பதிவுக்காரருக்கு முன்னால் கையெழுத்து வைத்தவள், எனக்கு ஒரு புள்ளி இல்லை. இல்லாத வீட்டில் இல்லாத பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்தியைப் பார்த்து நான் எரிகிறேன். பைத்தியம் என்று அன்ரனெற் அன்ரி சொல்லுவா. சொல்லட்டும்.

கொம்பியூட்டரில் திருத்தினது கொம்பியூட்டருக்குச் சரி. கந்தோரில் போய்த் திருத்துங்கோ. மூன்று இடத்தில் பொய் சொன்னீர்கள், அந்த மூன்று இடத்திலும் போய்ச் சொல்லுங்கோ, எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று. வதிவிட உரிமை போனால் போகட்டும் என்று எழுதுவது எனக்கு இலேசு, அனுபவிக்கப் போவது நீங்கள். இங்கே திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று தினமும் தட்டச்சு செய்கிறவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அது முடியாதென்றால் அதையும் எழுதுங்கோ. இரண்டில் எதை எழுதினாலும் வாசிப்பேன். இனி அலுவல் நடக்கிறது என்று மட்டும் எழுத வேண்டாம்.

யோகராணி


ஸ்காபரோ,
08.12.1996

அன்பின் யோகா,

சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதென்று நினைத்துக் கேட்கிறேன். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது.

சொல்லிவிட்டேன். ஒரு தமிழ்ச் சட்டத்தரணி அம்மாவைப் பிடித்து, எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியில் எழுதி, போன கிழமை கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இனி விசாரிப்பார்கள். உரிமையைப் பறிக்கவும் கூடும், பயத்தில் சொன்னது என்று மன்னிக்கவும் கூடும். அவவுக்கே தெரியாது. அரைக்கு அரை என்றா.

நான் மட்டுமில்லை. பேராசிரியை எல்லாப் படிவத்தையும் திரும்பக் கேட்கச் சொன்னார். றஜிதா தனியாகப் போனது. என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை, அது நியாயம்தான். அறுபது பேரில் பத்தொன்பது பேர் விசாரணையில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். இருக்கிற தம்பியை இல்லை என்று, இல்லாத தமையனை இருக்கிறான் என்று. ஒரு வயதான ஐயா கேட்டாராம், "பிள்ளை, சொன்ன சொல்லை மாத்தலாமோ, பேந்து பிடிச்சால்?" பேராசிரியையின் ஊர் எங்கள் சனத்தின் ஊரே இல்லை, எங்கள் கேஸ்களின் ஊர். திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறார்.

இனி உம்மிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டும். எங்களுடையது உண்மையான கலியாணம் என்று காட்ட வேண்டுமாம். கலியாணப் பதிவுத் துண்டு, படம், கடிதங்கள். நான் உமக்கு எழுதினவற்றின் பிரதியைக் கொண்டுபோனேன். சட்டத்தரணி இரண்டைப் பார்த்துவிட்டு, "உதுகளை வைச்சு ஒண்டும் காட்டேலாது, எல்லாக் கள்ளக் கலியாணத்திலயும் இப்பிடித்தான் சுகம் விசாரிச்சு எழுதுவினம்" என்றா. பிறகு வெட்கத்தோடு உம்முடைய மே மாதக் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தா. சிரித்தா. பிறகு ஜூலை, பிறகு ஒக்டோபர். ஒக்டோபரை வாசித்து முடித்தபோது சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னா: "தம்பி, உதைப் பொஞ்சாதியைத் தவிர வேற ஒருத்தியும் எழுதமாட்டாள். உதுதான் உங்கட கேஸ்."

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றுப்படுத்த வேண்டும். அவவுக்கு எப்போதும் மொழிபெயர்த்துக் கொடுக்கிற ஆள் யார் என்று கேட்டேன். றஜிதா. வேறு ஆளையும் பார்க்கலாம், பிந்தும், அவ்வளவுதான். றஜிதாவிடம் கேட்டேன், கடிதங்களில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. "உங்கட மிஸிஸ் ஓம் எண்டு எழுதினாச் செய்யிறன், இல்லாட்டிச் செய்யமாட்டன்" என்றது.

உம்முடைய கடிதங்கள், உம்முடைய முடிவு.

உம்முடைய,
ஸ்ரீதரன்


வெள்ளவத்தை,
01.01.1997

அன்பின் அத்தானுக்கு,

புது வருடத்தில் உங்கள் சுகத்துக்காக ஒரு தேங்காய் அடித்தேன். அது சரிபாதியாக உடைந்தது. அன்ரனெற் அன்ரி சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, ஆனாலும் நல்ல சகுனம் என்று அவதான் சொன்னா.

பதிவுத் துண்டும் கலியாணப் படமும் இதோடு இருக்கின்றன. நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்ற வரியை வாசித்துவிட்டு நெடுநேரம் கட்டிலில் இருந்தேன். பயம்தான். ஆனால் அன்றைக்கு இரண்டு தரம் சாப்பிட்டேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றி. என்னுடைய எரிச்சலை ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தன் வாசித்து முத்திரை குத்தப் போகிறான். அதை ஆங்கிலத்தில் எழுதப் போவதும் அவள். முதல் நாள் முடியவே முடியாது என்றுதான் எழுதத் தொடங்கினேன். பிறகு யோசித்தேன். வேறு ஒருவர் செய்தால் என் சொற்களை நாகரிகமாக்கிவிடுவார், அழகாக்கிவிடுவார். அவளுக்குத்தான் எந்த இடத்தில் எவ்வளவு எரியும் என்று தெரியும். அவளுக்கும் எரிந்திருக்கும்.

ஆகவே ஓம். ஆனால் ஒரு சொல்லும் விடக்கூடாது. கட்லெற்காரி என்று எழுதினதையும் விடாமல் போடச் சொல்லுங்கோ. மன்னிப்பு நான் வந்து நேரில் கேட்பேன். வர விடாவிட்டால் கடிதத்தில் கேட்பேன். இரண்டில் ஒன்று நடக்கும்.

அஜக்ஸ் வீட்டைப் பற்றி அவளுக்கு இதையும் சொல்லுங்கோ. பதினான்காம் இலக்கத்தை, பழைய படிவத்தில் இருந்தவனை, அவளே வைத்திருக்கட்டும். வீட்டோடும் பிள்ளைகளோடும் வைத்திருக்கட்டும், நான் கேட்கமாட்டேன். நிலக்கீழ் அறையில் இருக்கிற மனுசன் என்னுடையவர். அவரை ஒருத்திக்கும் விடமாட்டேன்.

இந்தக் கடிதத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கோ.

உங்கள் மனைவி,
யோகராணி ஸ்ரீதரன்